செல்போன் பேசிக்கொண்டே கார் ஓட்டி பைக்கில் வந்தவர் இறந்தால்: சட்டம் என்ன செய்யும்?

கேள்வி – 6 ஜூலை 2025

எங்கள் தெருப் பையன் ஒருவன், டெலிவரி வேலை பார்த்தவன், போன வாரம் பைபாஸில் கார் மோதி இறந்துவிட்டான். கார்க்காரர் போனில் பேசிக்கொண்டே வந்தார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அன்று ராத்திரியே ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். இது கொலை இல்லையா? ரெண்டு வருஷம், ஃபைன், அவ்வளவுதானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

6 ஜூலை, இரவு

நான் தென்மாவட்டம் ஒன்றில் வக்கீல் குமாஸ்தா. விபத்து வழக்குக் கட்டுகளோடுதான் என் பிழைப்பு. தெரிந்ததைச் சொல்கிறேன்.

ரெண்டு வருஷம் என்பது பழைய கணக்கு. இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ பிரிவில் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதாவது அபராதத்தோடேயே விட்டுவிடலாம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் 106(1). அதிகபட்சம் 5 ஆண்டு, கூடவே அபராதம். வெறும் அபராதத்தோடு முடிக்கும் வழி இதில் இல்லை. உங்கள் தெருப் பையன் வழக்கு இந்தப் பிரிவில்தான் வரும்.

ஆனால் இதுவும் ஜாமீனில் விடக்கூடிய குற்றமாகவே இருக்கிறது. அதனால்தான் அன்று ராத்திரியே வீட்டுக்குப் போனார். போலீஸ் தயவு காட்டியதாக நினைக்க வேண்டாம், பிணை கொடுத்தால் விட்டாக வேண்டும்.

கொலை என்று சொல்ல, கொல்லும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். அது இங்கே இல்லை. இடையில் ஒன்று உண்டு: தன் செயலால் சாவு நேரக்கூடும் என்று தெரிந்தே செய்தது. பழைய 304 பாகம் 2, புதிய 105. அதைப் பிறகு எழுதுகிறேன், கண் எரிகிறது.

7 ஜூலை

"எஃப்.ஐ.ஆரில் போன் பற்றி ஏதாவது இருக்கிறதா, பாருங்கள்" என்று கேட்டிருந்தேன். கேள்வி கேட்டவர் நகலைப் பார்த்துவிட்டு இல்லை என்கிறார். "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதியதில்" என்றுதான் இருக்கிறதாம்.

எல்லா எஃப்.ஐ.ஆரிலும் அந்த வரிதான். லாரி, பஸ், ஷேர் ஆட்டோ எது மோதினாலும் அதே. அந்த வரியை எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் வழக்கு பதிவாகிவிடும், போலீஸ் வேலை சுலபம். ஆனால் கோர்ட்டில் அது நிற்காது. 1998-லேயே கர்நாடக வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: "அதிவேகம்" என்று சாட்சி சொன்னால் மட்டும் அது அஜாக்கிரதை ஆகிவிடாது. எது அதிவேகம், எந்தச் சாலையில், எதோடு ஒப்பிட்டு என்பதை அரசுத் தரப்பு காட்ட வேண்டும். வண்டி ஓட்டத் தெரியாத சாட்சிக்கு எண்பது கிலோமீட்டரும் நூறும் ஒன்றுதானே.

கையில் போன் இருந்தது என்பது அப்படி இல்லை. அது ஒரு செயல். பார்த்திருக்கலாம், பதிவாகியிருக்கலாம், நிமிடக் கணக்கோடு காட்டலாம். வழக்கில் உறுதியாக நிற்கக்கூடிய ஒரே விஷயம் பல நேரம் அதுதான். அதைத்தான் முதல் நாளிலேயே எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

7 ஜூலை, பிற்பகல்

இது எனக்கு வெறும் ஆபீஸ் விஷயம் இல்லை. என் சித்தி மகன் 2017-ல் இப்படித்தான் போனான். ஏ.சி. மெக்கானிக். வேலை முடிந்து நாற்கரச் சாலையின் ஓரமாக வந்துகொண்டிருந்தவனைப் பின்னால் வந்த கார் இடித்தது. எதிரே டீக்கடை. கடைக்காரர் பார்த்தார். டிரைவர் இடது கையில் போனைக் காதோடு வைத்திருந்தார், மோதிய பிறகும் அதைக் கீழே போடவில்லை என்று எங்களிடம் அன்றே சொன்னார்.

ஸ்டேஷனில் அவர் வாக்குமூலத்தை எழுதினார்கள். வண்டி நம்பர், நேரம், திசை, "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்". போன் இல்லை. அவர் சொன்னாரா, சொல்லியும் எழுதவில்லையா, இன்றுவரை யாருக்கும் தெரியாது.

கட்டு எங்கள் ஆபீசுக்கு நகலாக வந்தபோது ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன். ரஃப் ஸ்கெட்ச்சில் சாலைக்கு இரண்டு கோடு, நடுவில் ஒரு பெருக்கல் குறி. பிரேக் இன்ஸ்பெக்டர் சான்றில், விபத்து இயந்திரக் கோளாறால் நேர்ந்ததல்ல என்ற வழக்கமான வரி. கைப்பற்றிய பொருள் பட்டியலில் தம்பியின் செல்போன் இருந்தது, டிஸ்ப்ளே உடைந்த நிலையில் என்ற குறிப்போடு. அவன் பர்ஸ் இருந்தது. ஸ்பேனர் பை இருந்தது. மோதியவர் போன் இல்லை. செத்தவன் போனை எடுத்துக் கவரில் போட்டு சீல் வைத்திருக்கிறார்கள், ஓட்டியவர் போனை யாரும் கேட்கவே இல்லை.

விசாரணையில் டீக்கடைக்காரர் கூண்டில் ஏறி, போன் பேசிக்கொண்டு வந்தார் என்று தைரியமாகச் சொன்னார். எதிரி தரப்பு வக்கீல், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல், ஒரே கேள்விதான் கேட்டார்: "இதைப் போலீஸ் விசாரணையில் சொன்னீர்களா?" சொன்னேன் என்றார். வாக்குமூலத்தில் இல்லையே என்று காட்டினார். விசாரணை அதிகாரியும் தன் முறை வந்தபோது, அப்படி அவர் என்னிடம் கூறவில்லை என்றார். இதைக் கோர்ட்டில் பிற்சேர்க்கை என்பார்கள், முதலில் சொல்லாததைக் கூட்டிச் சொல்வது. உண்மையைச் சொன்ன மனிதர் பொய் சாட்சி போல இறங்கிப் போனார். சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை.

8 ஜூலை

புதிதாக எழுதியவர் ஒருவர், "இப்போ ஹிட் அண்ட் ரன்னுக்கு 10 வருஷம், தெரியாதா?" என்கிறார். வாட்ஸ்அப்பில் இது நிறையச் சுற்றுகிறது. 106(2) பிரிவு: விபத்து நடந்ததும் போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தெரிவிக்காமல் ஓடினால் 10 ஆண்டு வரை. 2024 ஜனவரியில் லாரி டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்தது இதற்காகத்தான். பிறகு மத்திய அரசு புதிய சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தபோது இந்த ஒரு உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தது. புத்தகத்தில் இருக்கிறது, நடைமுறையில் இல்லை. கேள்வி கேட்டவர் வழக்கில் ஓட்டியவர் ஓடவும் இல்லை, ஆகவே இங்கே அந்தப் பேச்சே வேண்டாம்.

8 ஜூலை, இரவு

போனுக்கென்று தனிச் சட்டம் இருக்கிறதா என்று திருச்சி நண்பர் கேட்டார். இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 184, அபாயகரமாக ஓட்டுதல். 2019 திருத்தத்தில் இதற்கு ஒரு விளக்கம் சேர்த்தார்கள். சிக்னலை மீறுவது, எதிர்த்திசையில் வருவது, இவற்றோடு கையில் பிடித்த தகவல்தொடர்புச் சாதனத்தைப் பயன்படுத்துவதும் அபாயகரமான ஓட்டுதல் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. முதல் முறைக்கு 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாலையில் போலீஸ் பிடித்தால் ஸ்பாட் ஃபைன் கட்டிவிட்டுப் போகலாம், தமிழ்நாட்டில் முதல் முறை 1,000 ரூபாய். லைசென்ஸை நிறுத்திவைக்கவும் விதி இருக்கிறது. உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே, போன் பேசிக்கொண்டு ஓட்டினால் குறைந்தது 3 மாதம் நிறுத்துங்கள் என்று மாநிலங்களுக்குச் சொன்னது.

இன்னொன்று. வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம், அதுவும் கவனம் கலையாதபடி என்று 2020 அக்டோபரில் ஒரு விதி வந்தது. அதனால் "மேப் பார்த்தேன்" என்பது இப்போது எதிரிகளின் வழக்கமான பதில். அதற்கும் மறுப்பு இருக்கிறது: மேப் பார்த்தவர் காதில் ஏன் வைத்திருந்தார்? ஸ்டாண்டில் மாட்டியிருந்ததா, கையில் இருந்ததா?

சாவு வழக்கில் 184-ஐ 106(1)-உடன் சேர்த்தால் தண்டனை பெரிதாகக் கூடிவிடாது. ஆனால் 184-இன் விளக்கத்தைக் குறிப்பிட்டுச் சேர்த்தால், போலீஸ் போனைப் பற்றி விசாரித்தே ஆக வேண்டும். எனக்கு அதுதான் முக்கியம்.

10 ஜூலை

சரி, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பையனின் அப்பாவோ அம்மாவோ கையெழுத்திட்டு, விசாரணை அதிகாரிக்கு ஒரு மனு, எஸ்.பி. அலுவலகத்துக்கு நகல், பதிவுத் தபாலில். இன்றே. அதில் கேட்க வேண்டியவை:

முதலில் போன். ஓட்டியவர் கைபேசியைக் கைப்பற்றும்படி எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் அழைப்பு, வீடியோ, மெசேஜ் எல்லாம் போனுக்குள்தான் இருக்கும். கம்பெனி தரும் அழைப்புப் பட்டியலில், அதாவது சி.டி.ஆரில், சாதாரண அழைப்பும் எஸ்.எம்.எஸ்ஸும்தான் வரும். பலர் சி.டி.ஆர் வாங்கிப் பார்த்து, அந்த நேரத்தில் அழைப்பே இல்லை என்று ஓய்ந்துவிடுகிறார்கள். இன்று பாதிப் பேர் பேசுவது வாட்ஸ்அப்பில். இணையப் பயன்பாட்டுப் பதிவைத் தனியாகக் கேட்க வேண்டும்.

அடுத்தது நேரம். இதை நான் இரண்டாவதாக எழுதினாலும் வழக்கைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். எஃப்.ஐ.ஆரில் "சுமார் இரவு 8 மணியளவில்" என்று இருக்கும். சி.டி.ஆரில் 7.52-க்குத் தொடங்கி 7.55-க்கு முடிந்த அழைப்பு இருக்கும். விபத்து எட்டு மணிக்கு, பேச்சு ஐந்து நிமிடம் முன்பே முடிந்துவிட்டது என்பார் எதிரி வக்கீல். ஆகவே மோதிய நிமிடத்தைத் துல்லியமாகப் பிடிக்க வேண்டும். 108-க்கு முதலில் அழைத்தது யார், எந்த நிமிடம் என்ற பதிவு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும். டோல்கேட்டைத் தாண்டி வந்த கார் என்றால் ஃபாஸ்டேக் நேரம் இருக்கும். இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் "சுமார்" என்பது போய்விடும்.

மூன்றாவது கேமரா. பெட்ரோல் பங்க், ஓட்டல், டோல்கேட். பல இடங்களில் சில வாரங்களில் பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு ஏறிவிடும். சி.டி.ஆரைக் கம்பெனிகள் 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம நிபந்தனையை மாற்றினார்கள், அதற்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. கேமராவுக்கு இல்லை. போலீஸ் வரும்வரை காத்திருக்காமல் உறவினர் யாராவது கடைகளுக்கு நேரில் போய், அழிக்காமல் வையுங்கள் என்று கேட்டு வைக்க வேண்டும்.

பார்த்தவர்கள் யார் என்று மனுவிலேயே எழுதுங்கள். "இவர் ஓட்டியவர் கையில் போனைப் பார்த்தவர், இவரை விசாரித்து அதைப் பதிவு செய்யவும்" என்று. டீக்கடைக்காரருக்கு நேர்ந்தது இவர்களுக்கு நேரக்கூடாது.

10 ஜூலை, சற்று பிறகு

விட்டுப்போன ஒன்று. எலக்ட்ரானிக் ஆவணம் எதையும் கோர்ட்டில் குறியீடு செய்ய, அதாவது சான்றாக எண் போட்டுச் சேர்க்க, சான்றிதழ் வேண்டும். முன்பு சாட்சியச் சட்டம் 65பி, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 63. பென்டிரைவில் வீடியோவை மட்டும் கொடுத்துவிட்டு வந்தால் அது கட்டோடு தூங்கும்.

12 ஜூலை

பையனின் குடும்பத்தில் பெரியவர்கள், "போன் விஷயத்தைக் கிளறினால் இன்சூரன்ஸ் பணம் வராமல் போய்விடும்" என்று பயப்படுகிறார்களாம். இந்தப் பயத்தை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. அது தவறு. மூன்றாம் நபருக்கு நஷ்டஈடு தராமல் இன்சூரன்ஸ் கம்பெனி தப்பிக்கக்கூடிய காரணங்கள் சட்டத்தில் பட்டியலாக இருக்கின்றன. லைசென்ஸ் இல்லாதது, பெர்மிட் மீறல், 2019 திருத்தத்துக்குப் பிறகு குடித்துவிட்டு ஓட்டியது. போன் அதில் இல்லை. தைரியமாகச் சொல்லுங்கள்.

உண்மையில் போன் நிரூபணமானால் கிளெய்முக்கு நல்லதுதான். பையன் மேலும் தப்பு இருக்கிறது, திடீரென்று திரும்பினான் என்று கம்பெனி வக்கீல் வாதாடுவார், சதவீதம் வெட்டப் பார்ப்பார். ஓட்டியவர் சாலையைப் பார்க்கவே இல்லை என்று காட்டிவிட்டால் அந்த வாதம் தளர்ந்துவிடும்.

கிரிமினல் வழக்கில் விடுதலை ஆனாலும், அதனால் எம்.சி.ஓ.பி., அதாவது தீர்ப்பாயத்தில் போடும் நஷ்டஈட்டு மனு, தோற்காது. அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், இங்கே எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். என் தம்பி வழக்கில் அதே டீக்கடைக்காரரின் அதே சாட்சியத்தைத் தீர்ப்பாயம் நம்பியது.

12 ஜூலை, இரவு

தொகை எப்படிப் போடுவார்கள் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். 2009, 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின்படி ஒரு மாதிரிக் கணக்கு. வயது 28, சுயதொழில், மாதம் 18,000. எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 25,200. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்று நான்கு பேர் நம்பியிருந்தால் அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழியும், மீதி 18,900. ஆண்டுக்கு 2,26,800. அந்த வயதுக்குப் பெருக்கும் எண் 17. மொத்தம் 38,55,600. ஈமச்சடங்குக்கும் உறவின் இழப்புக்கும் தனி.

கல்யாணமாகாத பையன் என்றால் பாதி கழித்துவிடுவார்கள், அதே வருமானத்துக்கு 25,70,400-தான். உங்கள் தெருப் பையன் இந்தக் கணக்கில்தான் வருவான். தங்கை படிப்புக்கு அவன்தான் பணம் கட்டினான் என்கிறீர்கள். வங்கி ரசீது, பள்ளி ரசீது எல்லாம் எடுத்து வையுங்கள்.

டெலிவரி வேலைக்குச் சம்பளச் சீட்டு இருக்காது. அவன் போனில் உள்ள ஆப்பில் வாரக் கணக்கு இருக்கும், வங்கிக் கணக்கில் வரவு இருக்கும். அந்த சிம்மை ரத்து செய்துவிடாதீர்கள்.

நஷ்டஈட்டு மனுவை விபத்து நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். 2022 ஏப்ரலிலிருந்து அந்தக் கெடு திரும்ப வந்திருக்கிறது. அது செல்லுமா என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்கு நடக்கிறது, அதன் முடிவை நம்பி நாம் காத்திருக்க வேண்டாம்.

13 ஜூலை

காலையில் மேலே உள்ளதைப் படித்தபோது ஒன்று தோன்றியது. இந்த 25 லட்சத்திலோ 38 லட்சத்திலோ ஓட்டியவர் பையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போவதில்லை. முழுவதும் இன்சூரன்ஸ். அவர் போன் பேசினாலும் பேசாவிட்டாலும் அவருக்கு இதில் எதுவும் மாறாது. ஆக, போன் பேசியதற்கென்று அவர் பதில் சொல்லும் ஒரே இடம் மாஜிஸ்திரேட் கோர்ட். அங்கேதான் நாம் அந்த விஷயத்தைக் கோட்டை விடுகிறோம். குடும்பங்களும் எம்.சி.ஓ.பி.க்கு ஓடுகிற ஓட்டத்தில் பாதியைக்கூட கிரிமினல் கேஸுக்கு ஓடுவதில்லை. வாய்தா தேதியே தெரியாது. சம்மன் வந்தால்தான் தெரியும்.

குறை சொல்லவில்லை. தினக்கூலிக்காரர் எத்தனை நாள் கோர்ட் வராண்டாவில் உட்கார முடியும்?

13 ஜூலை, மாலை

ஒருவர் காட்டமாக எழுதியிருக்கிறார்: "பைக்காரன் மட்டும் யோக்கியமா? ஹெல்மெட்டுக்குள் போனைச் சொருகிக்கொண்டு போகிறான்." போகிறார்கள், நானும் தினமும் பார்க்கிறேன். 184 அவர்களுக்கும் பொருந்தும். இறந்தவர் பேசிக்கொண்டு போனார் என்று நிரூபணமானால் நஷ்டஈட்டில் அவர் பங்குக்கு வெட்டு விழும். ஆனால் இவனும் பேசுகிறான் என்பதால் அவர் பேசியது சரியாகிவிடாது. எடையைப் பாருங்கள். ஒரு டன்னுக்கு மேல் இரும்பை ஓட்டுபவர் ஒரு நொடி பார்வையை விட்டால் போவது எதிரில் இருப்பவன் உயிர். 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். எண்ணிக்கையில் அதிக விபத்து நடந்த மாநிலம் நம்முடையது, 64,105.

ஹெல்மெட் போடவில்லை, மூன்று பேர் போனார்கள் என்று காரணம் காட்டித் தொகையைக் குறைக்கப் பார்ப்பார்கள். மூன்று பேர் போனது மட்டுமே விபத்துக்குக் காரணமாகிவிடாது, அதனால்தான் விபத்து நடந்தது என்றோ காயம் கூடியது என்றோ காட்ட வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

14 ஜூலை

அரசு வெளியிடும் கணக்கைப் பார்த்துவிட்டு, போனால் சாகிறவர்கள் குறைவுதானே என்று கேட்டவருக்கு: ஆம், 2021 அறிக்கையில் நாடு முழுக்க போன் பயன்பாட்டால் 1,997 விபத்து, 1,040 சாவு என்றுதான் இருக்கிறது. அதே ஆண்டு மொத்தச் சாவு 1,53,972. பெரும்பகுதி அதிவேகம் என்ற தலைப்பில் போய்விட்டது. எஃப்.ஐ.ஆரில் போன் என்று எழுதாவிட்டால் கணக்கில் எப்படி வரும்? நான் பார்த்த கட்டுகளில், குடும்பத்தார் போன் போன் என்று சொல்லி அழுதும் தாளில் அது இல்லாதவை நிறைய. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ஐராட் செயலியில் இப்போது விபத்து விவரங்களைச் சம்பவ இடத்திலேயே ஏற்றுகிறார்கள். ஏற்றும்போது அந்த அதிகாரி ஓட்டியவரிடம் போனை ஒரு முறை வாங்கிப் பார்த்தால் கணக்கே மாறும் என்று நம்புகிறேன்.

15 ஜூலை

தள்ளிப்போட்ட விஷயம், 105. தெரிந்தே செய்தது என்ற பிரிவு, 10 ஆண்டு வரை போகலாம். மும்பை கார்ட்டர் ரோட்டில் 2006-ல் நடைபாதையில் தூங்கியவர்கள் மேல் கார் ஏறி 7 பேர் இறந்த வழக்கில், 2012-ல் உச்ச நீதிமன்றம் 304 பாகம் 2-ஐ உறுதி செய்தது. தண்டனை 3 ஆண்டு. புனே கல்யாணி நகரில் 2024 மே மாதம் பைக்கில் போன இரண்டு பொறியாளர்கள் மேல் சொகுசு கார் மோதியதில், ஓட்டியது 17 வயதுப் பையன் என்றும் 300 வார்த்தைக் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுத்தார்கள் என்றும் நாடே கொதித்தது நினைவிருக்கும். இரண்டிலும் குடி சம்பந்தப்பட்டிருந்தது. குடித்தவருக்கு விளைவு தெரிந்திருக்கும் என்று கோர்ட் எடுத்துக்கொள்கிறது. போன் பேசியவருக்குத் தெரியாதா? எனக்குத் தெரிந்த எந்தக் கட்டிலும் வெறும் போனுக்காக இந்தப் பிரிவு போட்டதில்லை. நெரிசலான ஊர்ச் சாலையில் வீடியோ பார்த்துக்கொண்டே ஓட்டினார் என்றால் போட வாதமாவது இருக்கிறது. உங்கள் வழக்கில் பைபாஸ், ஒரு அழைப்பு. அதற்கு 106(1)-ஐ உறுதியாக நிலைநாட்டினாலே பெரிய காரியம்.

சிங்கப்பூரிலிருந்து எழுதியவர், அங்கே அபாயகரமாக ஓட்டிச் சாவு விளைவித்தால் 8 ஆண்டு வரை என்கிறார். பிரிட்டனில் 2022 ஜூனிலிருந்து ஆயுள்வரை உயர்த்திவிட்டார்கள். இங்கே 5 ஆண்டு என்பது குறைவுதான். ஆனால் இரண்டு ஆண்டு இருந்தபோதும் அந்த இரண்டை யாருக்குக் கொடுத்தார்கள்? பஞ்சாபில் ஸ்கூட்டரில் போன இரண்டு பேரைக் கார் மோதிக் கொன்ற வழக்கில் கீழ்க்கோர்ட் 1 ஆண்டு கொடுத்தது. உயர் நீதிமன்றம் சிறையில் இருந்த 24 நாளே போதும் என்றது. 2015-ல் நீதிபதி தீபக் மிஸ்ரா அமர்வு அதை ரத்து செய்து 6 மாதமாக்கியது, 304ஏ தண்டனையை நாடாளுமன்றம் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் சொன்னது. அதைப் போலவே 2000-ல் நீதிபதி கே.டி. தாமஸ், இத்தகைய வழக்குகளில் நன்னடத்தைச் சலுகையில் விட்டுவிடக் கூடாது என்று எழுதியிருக்கிறார். தண்டனை பற்றிய வாதம் வரும்போது அரசு வக்கீலுக்கு இந்த இரண்டையும் எடுத்துக் கொடுங்கள்.

16 ஜூலை

தூக்கம் வரவில்லை. தண்டனை, தண்டனை என்று எழுதுகிறேன், எனக்கு உண்மையில் என்ன வேண்டியிருந்தது என்று யோசித்தேன்.

தம்பி வழக்கில் ஓட்டியவரை வாய்தாவுக்கு வாய்தா பார்த்திருக்கிறேன். மனைவி கூட வருவார், தூக்குவாளியில் சாப்பாடு கொண்டுவருவார், இருவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. ஒரு தடவை என் சித்தி பக்கத்தில் வந்து நின்றார், ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவர் வக்கீல் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார். சித்தி அன்று ராத்திரி கேட்டாள்: "யார்கிட்டடா பேசிட்டிருந்தான்? அப்படி என்ன அவசரம்?" அதற்கு விடையே இல்லை. சி.டி.ஆர் எடுத்திருந்தால் அதாவது கிடைத்திருக்கும். அவர் ஐந்து ஆண்டு உள்ளே இருக்க வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. போன் பேசியதால் என் பிள்ளை செத்தான் என்று ஒரு தீர்ப்பில் எழுதியிருக்க வேண்டும் என்றுதான் கேட்டாள்.

மேல்முறையீடு போகலாம் என்றோம். விடுதலையை எதிர்த்துப் பாதிக்கப்பட்டவரின் வாரிசே மேல்முறையீடு செய்யலாம், 2009-லிருந்து அந்த உரிமை இருக்கிறது. சித்தி போதும் என்றாள். நானும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்கலாமோ என்று இன்னமும் தோன்றும்.

ஒன்று கவனியுங்கள்: விடுதலையை எதிர்த்தும், நஷ்டஈடு குறைவு என்றும் வாரிசு மேல்முறையீடு போகலாம். தண்டனை குறைவு என்று போக முடியாது, அது அரசின் கையில். ஆகவே விசாரணைக் கோர்ட்டிலேயே சொந்த வக்கீல் ஒருவரை வைத்து அரசு வக்கீலுக்கு உதவக் கேளுங்கள், கோர்ட் அனுமதிக்கலாம்.

19 ஜூலை

கேள்வி கேட்டவர் தகவல் போட்டிருக்கிறார். பையனின் அப்பா மனு கொடுத்துவிட்டார், ரசீதும் வாங்கிவிட்டார். பங்க் கேமராவில் கார் கடந்தது இருக்கிறதாம், முகம் தெரியவில்லை, ஆனால் கை காதருகே உயர்ந்திருப்பது தெரிகிறதாம். மிக நல்ல விஷயம். அந்தப் பதிவை உங்கள் போனில் படம் பிடித்ததோடு விடாதீர்கள். மூலப் பதிவுப் பெட்டியைப் போலீஸ் கைப்பற்ற வேண்டும். பங்க் மேனேஜர் சாட்சியாக வரச் சம்மதிப்பாரா என்று இப்போதே கேளுங்கள்.

விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் பாதிக்கப்பட்ட தரப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சொல்கிறது, பிரிவு 193. அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். தகவல் வராவிட்டால் மறுநாளே மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

20 ஜூலை

கடைசியாக, சி.டி.ஆர் மனுவில் எந்த நேரத்துக்குக் கேட்பது என்று கேட்டீர்கள். விபத்துக்கு முன் அரை மணி, பின் ஒரு மணி. பின்னால் எதற்கு என்றால், மோதியதும் அவர் முதலில் யாரை அழைத்தார் என்பதும் தெரிய வேண்டும். காயமடைந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்வது ஓட்டியவர் கடமை, மோட்டார் வாகனச் சட்டம் 134. அழைப்புப் பட்டியலில் 108 எங்கே வருகிறது, வருகிறதா என்று பாருங்கள். அவர் பெயரில் இரண்டு சிம் இருந்தால் இரண்டு எண்ணையும் மனுவில் எழுத வேண்டும், ஒன்றை மட்டும் எழுதினால் ஒன்றுக்கு மட்டும்தான் பதில் வரும்.